ஒரே வீடு, ஒரே வகுப்பு, இரண்டு போன்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது இரட்டைப் பிள்ளைகள் இருவரைப் பற்றிய பதிவு. அண்ணன், தங்கை. பதினாறு வயது. இருவரும் நான் வகுப்பாசிரியராக இருந்த ஒரே பிரிவில் படித்தார்கள்; அவர்களுக்குக் கணக்குப் பாடம் எடுத்ததும் நான்தான். பெயர், ஊர், பள்ளி எதுவும் இங்கே வராது. பெற்றோரும் பிள்ளைகளும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

சமூக ஊடகத்தால் படிப்பு கெடுவது பையன்களுக்கா, பெண் பிள்ளைகளுக்கா என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தால் ஆளுக்கொரு தீர்ப்பு வரும். ஒப்பிட்டுப் பார்க்க முடியாததால்தான் அத்தனை தீர்ப்புகள். வீடு வேறு, வளர்ப்பு வேறு, கையில் இருக்கும் போன் வேறு. இந்த இருவர் விஷயத்தில் அதெல்லாம் ஒன்றே. "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே மாடல்தான் வாங்கிக் கொடுத்தோம் மிஸ். பாரபட்சம் கிடையாது" என்று அம்மா சொன்னார். கல்வியாண்டின் தொடக்கத்தில், பாடக் குறிப்புகள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன என்பதால் வாங்கிய போன்கள் அவை.

முந்தைய ஆண்டு இறுதித் தேர்வில் கணக்கில் அண்ணன் 72, தங்கை 93. அவன் நடுத்தரம், கேள்வி கேட்பவன். அவள் வகுப்புத் தலைவி, எந்த வேலை கொடுத்தாலும் முடித்துவிட்டு வந்து நிற்பவள்.

முதலில் கண்டது

முதல் பருவத் தேர்வில் அண்ணன் 64, தங்கை 88. இரண்டாம் பருவத்தில் அவன் 45, அவள் 84.

45 எங்கள் கண்ணில் பட்டது. 84 படவில்லை. வகுப்பின் முதல் ஐந்து பேரில் அவள் அப்போதும் இருந்தாள்; ஒன்பது மதிப்பெண் சரிந்திருக்கிறாள் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. கணக்கு வாத்தியாரான நானும்தான்.

ஆசிரியர் கூட்டத்தில் அவன் பெயர் வந்ததும் எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. முதல் இரண்டு பாடவேளைகளில் தூங்குகிறான். கூப்பிட்டால் திடுக்கிட்டு எழுகிறான். வீட்டுப்பாடம் பாதிதான். நான் குறிப்பேட்டில் "போனுக்கு அடிமை" என்று எழுதினேன். அந்த இரண்டு சொற்களை இன்று அடித்துவிட்டால் தேவலை என்றிருக்கிறது. தங்கையைப் பற்றி ஒருவர் மட்டும் "கொஞ்சம் சோர்வா தெரியறா" என்றார். பேச்சு அத்தோடு நின்றது.

ஒரு தடயம் அப்போதே கையில் இருந்தது. அவன் மதிப்பெண் எல்லாப் பாடத்திலும் சரியவில்லை. கணக்கிலும் இயற்பியலிலும்தான் பெரும் சரிவு. மொழிப்பாடங்களும் வேதியியலும் ஏறக்குறைய பழையபடியே இருந்தன. எங்கள் கால அட்டவணையில் கணக்கும் இயற்பியலும் பெரும்பாலான நாட்களில் காலை முதல் இரண்டு பாடவேளைகள். மற்றவை பிற்பகல். இதை அன்றே சேர்த்துப் பார்த்திருந்தால் இரண்டு மாதம் மிச்சம்.

முதல் முடிவு

பெற்றோரை வரவழைத்தோம். அவன் போனை அம்மா வாங்கி வைத்துக்கொள்வது, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் கொடுப்பது என்று முடிவானது. தங்கையின் போன் அவளிடமே இருக்கும். "அவ பொறுப்பான பொண்ணு, அவளப் பத்திக் கவலை இல்ல" என்றார் அப்பா. நாங்களும் தலையாட்டினோம்.

எங்களிடம் காரணம் இல்லாமல் இல்லை. இங்கிலாந்துப் பள்ளிகளில் போனைத் தடைசெய்த பிறகு தேர்வு மதிப்பெண் உயர்ந்ததாகவும், அதிலும் படிப்பில் பின்தங்கியவர்களே கூடுதலாகப் பலனடைந்ததாகவும் பெலாண்டும் மர்ஃபியும் 2016ல் வெளியிட்ட ஆய்வை ஒரு சக ஆசிரியர் எடுத்துக்காட்டினார். ஆய்வு உண்மைதான். ஆனால் அது பள்ளி நேரத்துத் தடையைப் பற்றியது. எங்கள் பள்ளியில் போனுக்கு ஏற்கெனவே அனுமதி கிடையாது. எங்கள் சிக்கல் மணியடித்து வீட்டுக்குப் போன பிறகு தொடங்குவது. அந்த வித்தியாசத்தைக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

அதன் பின் நடந்தது

மூன்று வாரம் கழித்து மாதத் தேர்வு. அண்ணன் 48. தங்கை 70.

போன் பறிபோன பிறகு அவன் தங்கையின் போனைக் கேட்டு நின்றிருக்கிறான். வீட்டுப்பாடம் குரூப்பில் வருவதால் கேட்க நியாயமும் இருந்தது. கொடுத்தால் திரும்பி வராது, கொடுக்காவிட்டால் சண்டை. அதோடு, வேதியியலில் புரியாததை யூடியூபில் பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் அவனுக்கு இருந்திருக்கிறது, அதுவும் நின்றது. இரவு பதினொரு மணிக்கு மேல் அப்பாவின் பழைய டேப்லெட்டைத் தேடி எடுத்துக்கொண்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆக, தூக்கம் திரும்பவே இல்லை.

தங்கையின் 70தான் என்னை உட்காரவைத்தது. விடைத்தாளில் கடைசி இரண்டு கணக்குகளைத் தொடவே இல்லை. அவளுக்குத் தெரியாத கணக்குகளல்ல அவை, நேரம் போதவில்லை. வீட்டுப்பாட நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு முக்கோணவியல் கணக்கில் நான்காம் வரிவரை எல்லாம் சரி. ஐந்தாம் வரியில் கழித்தல் குறி கூட்டலாகிவிட்டது. அதற்கு அடுத்த கணக்கில் ஒரே வரி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது, இரண்டாம் முறை வேறு அழுத்தத்தில், சற்றே சாய்ந்த எழுத்தில். பக்கத்துக்குப் பக்கம் இப்படியே. பாடம் தெரியாதவர் செய்கிற தப்பு வேறு மாதிரி இருக்கும். இது கை விட்ட இடத்தை மறுபடி தேடிப் பிடித்தவர் செய்கிற தப்பு.

விரலை அந்த ஐந்தாம் வரியில் வைத்து, "இங்க எந்திரிச்சுப் போனியா?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். மெசேஜ் வந்துச்சு."

அளந்து பார்த்தது

அவன் போனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன், ஒரு வாரத்துக்கு மட்டும், கட்டுப்பாடில்லாமல். அம்மாவுக்கு அரைமனம். காரணம் சொன்னதும் ஒத்துக்கொண்டார். ஆண்ட்ராய்டு போன்களில் 2018 முதல் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற வசதி உண்டு. மொத்த நேரம் மட்டுமல்ல, போனை எத்தனை முறை திறந்தோம், எத்தனை நோட்டிஃபிகேஷன் வந்தது என்பதும் அதில் தெரியும். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்ப்பாய் என்று வாயால் கேட்பதை விட்டேன். ரேனால் ஜங்கோ என்ற ஆய்வாளர் 2013ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் கேட்டபோது நாளுக்கு 145 நிமிடம் ஃபேஸ்புக்கில் இருப்பதாகச் சொன்னார்கள். கணினியில் பதிவான நேரம் சராசரி 26 நிமிடம். வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். யாருக்குமே அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்துக் கிடைத்தது இது. அண்ணன்: நாளுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். போனைத் திறந்தது முப்பது முறை போல. அந்த நேரத்தில் பெரும்பகுதி இரவு பதினொரு மணிக்குப் பிறகு ஒரே மூச்சில்: யூடியூப் ஷார்ட்ஸ், டிஸ்கார்டில் விளையாட்டு நண்பர்களோடு பேச்சு. தங்கை: இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. திறந்தது 130 முறைக்கு மேல், அதுவும் மாலை ஆறரையிலிருந்து பத்து மணிக்குள் நெருக்கமாக. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம்.

நேரத்தை மட்டும் பார்த்திருந்தால் அவன் குற்றவாளி, அவள் நல்ல பிள்ளை என்ற பழைய தீர்ப்புதான் உறுதியாகியிருக்கும்.

யார் எந்த ஆப்பில் என்பதில் வியப்பில்லை. அமெரிக்கப் பதின்வயதினரிடம் பியூ ஆய்வு மையம் 2022ல் எடுத்த கணக்கிலும் பெண்கள் இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட், டிக்டாக் பக்கமும், பையன்கள் யூடியூப், ட்விட்ச், ரெடிட் பக்கமும் சற்றே சாய்ந்திருந்தார்கள். எந்த ஆப் எந்த நேரத்தைத் தின்கிறது என்பதே எங்களுக்குப் பயன்பட்டது. வீடியோவும் விளையாட்டும் காத்திருக்கும். இரவில் மொத்தமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அவனுக்கு ஆறு மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்கவில்லை. இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை. மெசேஜ் காத்திருக்காது. படிக்கும் நேரத்தின் நடுவே வந்து நிற்கும். வீட்டில் படித்துக்கொண்டிருந்த 263 மாணவர்களை லாரி ரோசனும் குழுவினரும் கவனித்து 2013ல் எழுதினார்கள்: பதினைந்து நிமிடம் பார்த்ததில், சராசரியாக ஆறு நிமிடம் ஆவதற்குள் கவனம் வேறெங்கோ தாவியிருந்தது. அவள் நோட்டின் ஐந்தாம் வரி எனக்கு அப்போது விளங்கியது.

மெசேஜ் எங்கிருந்து வந்தது

சங்கடமான பகுதி இது. அவளையும் அம்மாவையும் உட்காரவைத்து, ஒரே மாலையின் நோட்டிஃபிகேஷன்களை மூவருமாக எண்ணினோம். தோழிகளின் மெசேஜ்தான் குவிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். பாதிக்கும் மேல் வகுப்பு குரூப்பிலிருந்து. அதைத் தொடங்கியவள் நான். அட்மின் நான், இணை அட்மின் வகுப்புத் தலைவியான அவள்.

அன்று இரவு எட்டே முக்காலுக்கு வீட்டுப்பாடம் போட்டிருக்கிறேன். கீழே வரிசையாக "ஓகே மிஸ்", "ஓகே மிஸ்", கட்டைவிரல்கள். "எந்தப் பக்கம் மிஸ்?" என்று ஒருவன். நான் அதற்குள் போனை வைத்துவிட்டேன். பதில் சொன்னது அவள். பிறகு தனித்தனியாக, "நோட்ஸ் போட்டோ அனுப்பு", "மூணாவது கணக்கு எப்படி?", "நாளைக்கு டெஸ்டா?" ஒன்பதே காலுக்கு இயற்பியல் ஆசிரியரின் அறிவிப்பு. மறுபடி "ஓகே சார்" மழை.

"மியூட் பண்ணலாமே?" என்றேன்.

"நீங்க போடறத நான் பாக்கலன்னா யாரு மிஸ் எல்லாருக்கும் சொல்றது?"

தோழிகள் விஷயம் தனி. ப்ளூ டிக் 2014ல் வந்தது. பார்த்துவிட்டாள் என்பது எதிராளிக்குத் தெரியும். "பாத்துட்டு பதில் போடலன்னா மறுநாள் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க" என்றாள். ஒரு முறை அந்த அமைப்பை அணைத்துப் பார்த்திருக்கிறாள். "என்னத்த மறைக்கிற?" என்று கேட்டார்களாம். குரூப்பில் அதை அணைக்கவும் வழி இல்லை. அண்ணனிடம் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து "என்னடா?" என்று பதில் போட்டாலும் அவன் நண்பர்கள் கோபித்துக்கொள்வதில்லையாம்.

அம்மா பேசியதிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. மகளின் போனை வாரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பார், யாரோடு பேசுகிறாள் என்று. மகனின் போனை அப்படிப் பார்த்ததில்லை. அவனிடம் எவ்வளவு நேரம் என்று மட்டும் சண்டை. எப்போது என்று இருவரிடமும் யாரும் கேட்டதில்லை. பள்ளியும் கேட்டதில்லை.

இரண்டாவது முடிவும் காரணமும்

பள்ளியிலிருந்து தொடங்கினோம். குரூப்பில் அட்மின் மட்டுமே எழுத முடிகிறபடி அமைப்பை மாற்றினேன். வீட்டுப்பாடம் மாலை ஐந்துக்குள். அதற்குப் பிறகு நினைவு வந்தால் மறுநாள் கரும்பலகையில். சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு வாரம் ஒரு ஜோடிக்கு, ஒரு பையன், ஒரு பெண் என்று சுழற்சியில். இதற்கு ஒரு சக ஆசிரியர் ஒப்பவில்லை: "பசங்க கிட்ட விட்டா வேலை நடக்காது." அதனால்தான் எல்லா ஆண்டும் ஒரு பெண் பிள்ளையின் மாலை நேரம் இதில் போகிறது என்று சொன்னேன். சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

தங்கைக்கு நேரக் குறைப்பு எதுவும் விதிக்கவில்லை. ஏழிலிருந்து ஒன்பது வரை போன் வேறு அறையில், ஒன்பதுக்கு மேல் அரைமணி நேரம் பதில் போட. மேசையில் கவிழ்த்து வைத்தால் போதாதா என்று கேட்டாள். போன் பக்கத்தில் இருப்பதே கவனத்தை இழுக்கிறது என்று ஏட்ரியன் வார்டு குழு 2017ல் சொன்னதைச் சொன்னேன். அதைத் திரும்பச் செய்து பார்த்த எல்லோருக்கும் அதே விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சொன்னேன். "அப்ப ரெண்டு மாதிரியும் பாத்துடலாம் மிஸ்" என்றாள். ஒரு வாரம் மேசையில், ஒரு வாரம் வேறு அறையில். இரண்டாவது வாரத்தில் கணக்குகள் சீக்கிரம் முடிந்ததாக அவளே வந்து சொன்னாள்.

அண்ணனுக்குப் போன் திரும்பியது. மாலையில் பாட வீடியோக்களுக்குத் தடையில்லை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மார்க்கர், நாம்ப்ஸ், அப்பெல் ஆகியோர் 2018ல் சொன்னதும் இதற்கு இடம் கொடுத்தது: சமூக ஊடகப் பயன்பாட்டுக்கும் மதிப்பெண்ணுக்கும் மொத்தத்தில் இருக்கும் எதிர்த் தொடர்பு மிகச் சிறியது, படிப்புக்காகப் பயன்படுத்துவது சிறிதளவு நல்ல பக்கமே சாய்கிறது. நிபந்தனை ஒன்றுதான். இரவு பத்தரைக்கு மேல் வீட்டுப் போன்கள் அனைத்தும் கூடத்தில் சார்ஜில். அனைத்தும் என்றதும் அப்பா நிமிர்ந்தார். "எனக்கு ஆபீஸ் போன் வரும்ங்க." மணிச் சத்தம் கேட்கிற தூரம்தானே என்றார் அம்மா. டேப்லெட்டும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

விளைவு

முதல் வாரம் இருவருக்கும் மோசம். அவள் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் போன் இருக்கும் அறைக்குப் போனதை அம்மா எண்ணியிருக்கிறார். ஒரு மாலையில் ஏழு முறை. அவன் பத்தரைக்குப் படுத்து ஒரு மணி வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வாரத்தில் முதல் பாடவேளையில் விழித்திருந்தான், ஒரு கேள்வியும் கேட்டான். சனி, ஞாயிறு இரவுகளில் பழையபடிதான். திங்கட்கிழமை அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆண்டு இறுதியில் கணக்கில் அவன் 61, அவள் 86. இயற்பியலில் அவனுக்கு ஓரளவு மீட்சி. அவளுடைய இரண்டாம் மொழிப்பாடம் மட்டும் ஏனோ ஏறவே இல்லை.

இதை எங்கள் ஏற்பாட்டின் வெற்றி என்று எழுத எனக்குத் தயக்கம். இறுதித் தேர்வுக்கு முன் மூன்று வாரம் திருப்புதல் வகுப்பு நடந்தது. மொத்த வகுப்புக்கும் மதிப்பெண் ஏறியது. இரண்டு பிள்ளைகளை வைத்து ஆண், பெண் எல்லோருக்கும் விதி எழுதவும் முடியாது. அடுத்த வகுப்பில் இரவெல்லாம் ரீல்ஸ் பார்க்கும் பெண்ணும், குரூப்பில் பதில் போட்டே களைத்துப்போகும் பையனும் இருப்பார்கள். நோட்டில் குறி மாறுவது நின்றது. அதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன்.

திரும்பச் செய்தால் எதை மாற்றுவேன்

93 என்பது 88 ஆனபோதே அவளைக் கூப்பிட்டிருப்பேன். மதிப்பெண் உயரத்தில் இருப்பவர் எவ்வளவு சரிந்தார் என்பதையும் இப்போது தனிப் பத்தியில் எழுதி வைக்கிறேன். எந்தப் பாடவேளையில் சரிவு என்று கால அட்டவணையோடு ஒட்டிப் பார்ப்பேன். போனைப் பறிக்கும் முடிவைக் கடைசிக்குத் தள்ளுவேன். அதற்கு முன் பள்ளி அனுப்பும் மெசேஜ்களை எண்ணுவேன்.

ஒரு தவறு அவன் சொல்லித்தான் தெரிந்தது. அவன் போனின் கணக்கை அப்பா, அம்மா, இன்னொரு ஆசிரியர் எல்லோரும் இருந்த அறையில் திறந்து காட்டச் சொன்னேன். அவளுடையதை அம்மா மட்டும் இருக்கும்போது பார்த்தேன். அப்போது அது இயல்பாகத்தான் பட்டது. ஆண்டு முடிவில் விடைத்தாள் வாங்க வந்தவன், வாசல் வரை போய்த் திரும்பிச் சொன்னான்: "அவளோடத தனியா பாத்தீங்க. என்னோடத எல்லார் முன்னாடியும் பாத்தீங்க மிஸ்." மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ்" என்றான். அவனுக்கு அது பரவாயில்லாமல் இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

தோழிகள் பக்கம் எங்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை. ஒன்பது மணிக்குத்தான் பதில் வரும் என்றானதும் ஐந்து பேர் இருந்த அவர்கள் குரூப் பேச்சிழந்து போனது. நான்கு பேர் கொண்ட புதுக் குரூப் ஒன்று தொடங்கியிருக்கிறது. அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருத்தி அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டின் மேல் ஓரத்தில் குரூப் பெயரைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பள்ளி திறந்து இரண்டு மாதமாகிறது. மதிய இடைவேளையில் அவர்களோடுதான் உட்காருகிறாள். குரூப்பில் அவளை இன்னும் சேர்க்கவில்லை.